பேய்மிரட்டி: காய்ச்சலுக்கும் காத்துக்கறுப்புக்கும் ஒரே இலை

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் சாலையோரத்திலும், கடையம், ஆழ்வார்குறிச்சி, சிவசைலம் என்று மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்களின் புறம்போக்கிலும், களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கத்துக் கால்வாய்க் கரைகளிலும் ஒரு செடி இடுப்பளவுக்கு, சில இடங்களில் நெஞ்சளவுக்குக் கூட வளர்ந்து நிற்கும். யாரும் நட்டு வளர்ப்பதில்லை. ஆடு மாடுகளும் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த புல்லுக்குப் போய்விடுகின்றன. திருநெல்வேலிச் சீமையில் அதைப் பேய்மிரட்டி என்கிறோம். பெருந்தும்பை என்றும், வெதுப்பை, அதாவது காய்ச்சல் சூட்டை, அடக்குவதால் வெதுப்படக்கி என்றும் வைத்தியர்கள் சொல்வார்கள். தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் அனிசோமிலெஸ் மலபாரிகா. துளசியும் தும்பையும் சேர்ந்த அதே குடும்பம்.

ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் செடி மறக்காது. தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் உருளாது, நான்கு பட்டையாக நிற்கும். இலை நீண்டு, தடித்து, ஓரத்தில் மழுங்கிய பற்களோடு இருக்கும். மேல்புறம் சாம்பல் பூத்த பச்சையாகவும், அடிப்புறம் வெளுத்த பஞ்சு படிந்தாற்போலவும் இருப்பதால், கட்டைவிரலால் தடவும்போது இரண்டு பக்கமும் வெவ்வேறு துணி போலத் தெரியும். கொத்துக் கொத்தாக இளம் ஊதாப் பூக்கள் தண்டைச் சுற்றிப் பூக்கும். இலையைக் கசக்கினால் கற்பூரம் கலந்த ஒரு காட்டமான நெடி கிளம்பி, சோப்புப் போட்டுக் கழுவிய பின்னும் விரலில் நிற்கும். நுனி நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாமல், பிறகு அடிநாக்கிலிருந்து கசப்பு எழுந்து வந்து, அதன் பின்னால் இலேசான ஒரு காரமும் வரும். இதே பெயரில் கடைகளில் கிடைக்கும் இன்னொரு செடி, அனிசோமிலெஸ் இண்டிகா, இலை அகன்று மெலிந்து, பஞ்சு குறைந்து இருக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுத்தான் விற்கிறார்கள்.

நான் இந்தச் செடியைப் பற்றி எழுத நினைப்பதற்குக் காரணம் ஒன்றுதான். இதை மருந்து என்று சொல்லி ஒரு கூட்டமும், மாந்திரீகம் என்று சொல்லி இன்னொரு கூட்டமும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீடுகளில் அது ஒருநாளும் இரண்டாகப் பிரிந்திருந்ததில்லை. காய்ச்சலுக்கு இலை பறித்த கைதான் கண்ணேறு கழிக்கவும் இலை பறித்தது. அடுப்பு ஒன்று, அண்டா ஒன்று, நீர் ஒன்று. அந்த இணைப்பை அப்படியே பார்த்தால்தான், எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று நமக்குத் தெளிவு பிறக்கும்.

என் ஆச்சி பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றிய முறையைச் சொல்கிறேன். விடிந்ததும் புழக்கடை விறகடுப்பில் பெரிய அண்டா ஏறிவிடும். பேய்மிரட்டி இலை இரண்டு கை, நொச்சி இலை இரண்டு கை, வேப்பங்கொழுந்து ஒரு கை என்பது அவளுடைய கணக்கு. இலைகளைத் தண்டோடு போட மாட்டாள்; உருவி, பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரண்டு தண்ணீரில் அலசிய பிறகுதான் அண்டாவில் விழும். நீர் கொதித்துத் தவிட்டு நிறத்துக்கு வந்த பிறகு விறகை இழுத்துவிட்டு, மூடி வைத்து, அதுவாக ஆற விடுவாள். பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைத் தணிப்பது அவளுக்குப் பிடிக்காது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அதன் பிறகு தாய்க்கு ஊற்றத் தொடங்குவாள். "ஏட்டி, கண்ண இறுக்கி மூடிக்கோ, எலத்தண்ணி பட்டா எரியும்" என்பது ஒவ்வொரு சொம்புக்கும் முன்னால் வரும் எச்சரிக்கை. இடுப்பிலும் முதுகிலும் விழும் தண்ணீர் சற்று உயரத்திலிருந்து, அடித்து விழ வேண்டும்; அதுதான் பிரசவ வலியை வாங்கும் என்பாள்.

பிள்ளைக்கு வேறு கணக்கு. அதே நீரில் பாதிக்கு மேல் வெறும் வெந்நீர் கலந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, மூக்கில் வாயில் போகாமல் கையால் நெற்றியில் அணை கட்டி ஊற்றுவாள். துவட்டி முடித்ததும், அண்டாவுக்குப் போகாமல் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு பேய்மிரட்டிக் கொப்பை எடுத்து, பிள்ளையின் தலையிலிருந்து கால் வரை மூன்று முறை சுற்றி, "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, எல்லாம் ஓடிப் போகட்டும்" என்று முனகிவிட்டு, யாரிடமாவது கொடுத்து முச்சந்தியில் போடச் சொல்வாள். பிறகு நெற்றியில் துன்னூறு, அதாவது திருநீறு. இதில் எது வைத்தியம், எது மந்திரிப்பு என்று கேட்டிருந்தால் கேள்வியே அவளுக்குப் புரிந்திருக்காது. பிள்ளைக்கு நல்லது செய்கிறாள், அவ்வளவுதான்.

இந்தக் குளியலில் இருந்த நன்மை எனக்கு விளங்குகிறது. காய்ச்சி ஆறிய, வடிகட்டிய நீர். உடம்பு வலிக்கு இதமான சூடு. மூக்கடைப்பை இளக்கும் வாசனை எண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பெற்ற பெண்ணை வேலை ஏவாமல் உட்கார வைத்து இன்னொருத்தி கவனித்துக்கொள்ளும் அரை மணி நேரம். குடும்பத்தில் வேறு யாரும் அந்த அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாதபடி அதற்கு ஒரு சடங்கின் கண்டிப்பு இருந்தது. மூன்று முறை சுற்றுவதும் முச்சந்தியில் போடுவதும் கிருமியைக் கொல்வதில்லை. ஆனால் அந்தச் சடங்கு இல்லாமல் இருந்திருந்தால், வேலை மிகுந்த வீடுகளில் குளியலும் என்றோ நின்றுபோயிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

சித்த மருத்துவம் இந்தச் செடிக்குக் கைப்புச் சுவையும் வெப்பத் தன்மையும் சொல்கிறது. வளியும் விண்ணும் சேர்ந்து கைப்பு உண்டாகிறது என்பது அதன் அடிப்படை. கைப்பு பித்தத்தையும் கபத்தையும் அடக்கும், வாதத்தை ஏற்றும். பேய்மிரட்டியோ வெப்பம் உடையதாகையால் வாதத்துக்கும் கொடுக்கலாம் என்று அடியெடுத்து, குழந்தைகளின் மாந்தம், பல் முளைக்கும் பருவத்துக் கழிச்சலும் காய்ச்சலும், முறைக்காய்ச்சல், மூட்டு வலி, வயிற்றுப் பொருமல் என்று பட்டியல் நீள்கிறது. சென்னை ராஜதானியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த வொயிட்லா ஐன்ஸ்லி 1826-இல் வெளியிட்ட இந்திய மருந்துப் பொருள்கள் பற்றிய நூலிலும், பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறுக்கும் பல் முளைக்கும்போது வரும் காய்ச்சலுக்கும் தமிழ்நாட்டார் இதைக் கொடுப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளாகப் பயன்பாடு அப்படியே நிற்கிறது என்பது ஒரு செய்தி. பயன்பாடு நீடிப்பதனாலேயே பலன் மெய்ப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

செடியில் வாசனை எண்ணெயோடு ஓவாடோடையோலைடு, அனிசோமெலிக் அமிலம் போன்ற டைட்டர்பீன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களின் மீது இவற்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு, பேய்மிரட்டிக் கஷாயம் புற்றுநோயைப் போக்கும் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லுக்கும், கஷாயம் குடிக்கும் மனிதனுக்கும் நடுவில் வெகு தூரம் இருக்கிறது. உள்ளுக்குக் கொடுப்பதில் என் நிலை கண்டிப்பானது: ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எந்த இலைச் சாறும் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கும் படித்த சித்த மருத்துவர் ஒருவர் பார்த்து அளவு சொல்லாமல் கொடுக்க வேண்டாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது; குழந்தை மருத்துவத்துக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. மாந்தம் என்று பாட்டிமார் சொல்வதை அங்கே காட்டினால், வெறும் அசீரணமா, கழிச்சலால் நீர் வற்றிய நிலையா என்று பார்த்துச் சொல்வார்கள்.

பெரியவர்களுக்கு வேது பிடிப்பதும், மூட்டு வலிக்கு இலையை வதக்கி ஒற்றடம் கொடுப்பதும் வேறு விஷயம். சூடு தோலைப் பொசுக்காமல் பார்த்துக்கொண்டால் அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எங்கள் வீட்டில் இன்றும் செய்கிறோம்.

இனி விளக்குத் திரிக்கு வருகிறேன். பேய்மிரட்டியின் பெருமை ஊரில் முழுக்க இதில்தான் நிற்கிறது. பச்சை இலை எரியுமா? எரியும். செடியின் நடுப்பகுதியிலிருந்து முற்றாத, நீளமான ஓர் இலையைப் பறித்து, ஈரத்தைத் துடைத்து, காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில் சுருட்டி முறுக்க வேண்டும். பஞ்சு படிந்த அடிப்புறம் வெளியே வரும்படி முறுக்குவது நல்லது. அகலில் நல்லெண்ணெயோ இலுப்பை எண்ணெயோ விட்டு, முறுக்கிய இலையை அதில் புரட்டி எடுத்து, நுனி மட்டும் வெளியே நீட்டும்படி வைத்து ஏற்றினால், முதலில் சடசடவென்று சிறு பொறி தெறிக்கும். ஈரம் போனதும் சடசடப்பு அடங்கி, பஞ்சுத் திரியைவிடச் சிறிதாக, மஞ்சள் கூடிய ஒரு சுடர் நிற்கும். இலை மெல்ல மெல்லத்தான் கருகும். அறையில் கற்பூர நெடியோடு வறுத்த எண்ணெய் வாடையும் பரவும்.

இதில் மாயம் எதுவும் இல்லை என்பது இலையின் அடிப்புறத்தை உற்றுப் பார்த்தாலே தெரியும். அந்த அடர்ந்த மயிர்கள்தான் எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுகின்றன. எரிவது எண்ணெய், இலை அதற்கு வழி விடுகிறது. நுனியில் உள்ள ஈரம் சுடரின் வெப்பத்தில் முதலில் உலர்ந்துவிடுவதால், பின்னால் இருக்கும் பச்சைப் பகுதி சுடரை அணைப்பதில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத காலத்தில், மழை இரவில், பச்சை இலை ஒன்று சுடராக நின்றதைக் கண்ட மனிதருக்கு, தண்ணீர் நிறைந்த ஓர் உயிர்ப்பொருள் தீயைத் தாங்குகிறது என்பது எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்திருக்கும்! பிள்ளை பெற்ற வீட்டிலும், ராத்திரியில் தூக்கம் கலைந்து அலறும் குழந்தை இருக்கும் வீட்டிலும் அந்த விளக்கை ஏற்றி வைப்பது வழக்கமானது அப்படித்தான். காத்துக்கறுப்பு நெருங்காது என்றார்கள். இருட்டுக்கும் தனிமைக்கும் பயந்துகொண்டிருந்த ஒரு தாய்க்கு, வாசனையோடு எரியும் விளக்கும், அதை ஏற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்ட அத்தையோ சித்தியோ தந்த துணையும் உண்மையான மருந்து என்பதை நான் மறுக்க மாட்டேன்.

புகை போடுவதும் இதே வகைதான். காய்ந்த பேய்மிரட்டிச் செடியையும் நொச்சி இலையையும் வேப்பிலையையும் தணலில் போட்டு, மேலே கொஞ்சம் சாம்பிராணி தூவி, அந்தி நேரத்தில் வீடு முழுக்கக் காட்டுவார்கள். கொசு விலகும், கண்ணால் பார்த்திருக்கிறோம். 2012-இல் கடையநல்லூர் வட்டாரத்தை டெங்கு காய்ச்சல் வாட்டி எடுத்தபோது, ஊர் ஊராக நிலவேம்புக் குடிநீர் கொடுக்கப்பட்டதும் வீட்டுக்கு வீடு மூலிகைப் புகை எழும்பியதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அந்திப் புகையை நம்பி, மாடியில் கிடக்கும் உடைந்த குடத்தையும் ஆட்டுக்கல் குழியையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்க்காமல் விட்டால் புகையால் ஒரு பயனும் இல்லை. மூச்சிளைப்பு உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் எந்தப் புகையும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை இருக்கும் அறையில்தான் அதிகம் போடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

மந்திரிப்பவர்கள் இந்தச் செடியைப் பறிக்கும் முறை தனி. ஞாயிற்றுக்கிழமையோ அமாவாசையோ, பொழுது விடியும் முன்னால் போய், செடியைச் சுற்றிச் சாணம் தெளித்து, மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, பொரியும் பழமும் வைத்து, உன் உயிர் உன்னிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, தன் நிழல் செடி மேல் விழாமல், இரும்பு படாமல், நகம் படாமல் பறிக்க வேண்டும் என்பார்கள். போகும்போதும் வரும்போதும் யாரிடமும் பேசக் கூடாது. காப்புக்கென்று எடுக்கும்போது வடக்கே ஓடிய வேரை மரக்குச்சியால் தோண்டி எடுத்து, தாயத்துக் குப்பியில் அடைத்துக் கட்டுவார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்க் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கியிருந்த நாட்களில், வேரும் பட்டையும் எடுத்து வந்தால் அதற்குத் தனி வீரியம் என்று நம்பினார்கள். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடம். அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்து வரக் கூடாது, எடுத்து வரவும் தேவையில்லை, ஏனென்றால் இந்தச் செடி அடிவாரத்து ரோட்டோரத்திலேயே நிற்கிறது.

இந்த விதிகளை நான் எள்ளி நகையாட மாட்டேன். வாசனைச் செடிகளில் எண்ணெய்ச் சத்து பருவத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கூடிக் குறையும் என்பது தெரிந்த செய்திதான். அதற்கும் அமாவாசைக்கும் தொடர்பு இல்லை என்றாலும், நேரம் பார்த்துப் பறிக்கும் பழக்கம் மூடத்தனம் அல்ல. செடியிடம் அனுமதி கேட்டுவிட்டு, தேவைக்கு மேல் எடுக்காமல் வருவது எவ்வளவு பெரிய நாகரிகம்! இன்றைக்கு மினி லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு புறம்போக்கு முழுவதையும் வேரோடு பிடுங்கி மூட்டை கட்டிப் போகிறவர்களிடம் காப்புக் கட்டும் வழக்கம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும். ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட வேண்டும். வைத்தியத்துக்கு இலை போதும். இலை பறித்த செடி அடுத்த மழையில் தளிர்த்துவிடும். தாயத்துக்கு வேர் வேண்டும். வேர் எடுத்த செடி சாகும். உயிர் செடியிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளும் சடங்குதான் செடியின் உயிரை எடுக்கிறது என்பதை மந்திரிக்கும் பெரியவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் செடியின் பெயரிலேயே இருக்கும் பேய் விரட்டும் காரியத்தைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் குரல் தடிக்கிறது. பிடித்திருக்கிறது என்று சொல்லப்படும் ஆளை உட்கார வைத்து, வேப்பங்குழையோடு பேய்மிரட்டிக் கொப்பையும் சேர்த்துத் தலையிலிருந்து கால் வரை அடித்து இறக்குவதைக் குழையடித்தல் என்பார்கள். கசக்கிய இலையை மூக்கருகில் காட்டுவதும், அதன் புகையை முகத்தில் படவிடுவதும் உண்டு. மயங்கிக் கிடப்பவர் அந்தக் காட்டமான நெடியில் சட்டென்று கண் விழிப்பது இயல்பு. கூடியிருப்பவர்கள் அதைப் பேய் அசைந்ததாக எடுத்துக்கொள்வார்கள். மென்மையாகச் செய்த வரைக்கும், மனம் நொந்து கிடந்த பெண் ஒருத்தி ஊரார் முன்னால் வாய் திறந்து தன் குறையைச் சொல்லி அழ அது வாய்ப்பாக இருந்தது. புகுந்த வீட்டில் சொல்ல முடியாததை, பேயின் வாயால் சொல்ல முடிந்தது. மாமியார் முதல் கொழுந்தன் வரை கைகட்டி நின்று கேட்டார்கள். அந்த அளவுக்கு அந்தச் சடங்குக்கு ஒரு வேலை இருந்தது.

ஆனால் பேய் என்று நம்பி அடித்த உடம்புகளில் இருந்தவை என்னென்ன? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரலாம். கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்து, காத்துச் சேட்டை என்று கொப்பைத் தேடி ஓடிய வீடுகள் எத்தனை! பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். அதற்குள் நின்றுவிட்டாலும் முதல் முறையாக வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அதேபோல், பிள்ளை பெற்ற இரண்டொரு வாரத்துக்குள் ஒரு பெண் தூக்கமே இல்லாமல், யாரோ பேசுவது கேட்கிறது என்று சொல்லி, பிள்ளையையே அந்நியமாகப் பார்க்கத் தொடங்கினால், அது பேறுகாலத்தை ஒட்டி வரும் மனநோய். தாயின் உயிருக்கும் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்தானது. உடனே சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகக்கூடியது. மனநலத்துக்கென்று 14416 என்ற எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம். பிரசவத்துக்குப் பின் குளிர்காய்ச்சல் கண்டால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அதற்கும் இலைத் தண்ணீர் போதாது. எங்கள் பக்கத்தில் இப்படிக் கொப்புக்கும் குழைக்கும் நடுவில் நாட்கள் கடந்துபோன வீடுகளை அறிவேன். அந்தத் துயரத்தைக் கண்டவன் என்ற முறையில், இதைச் சொல்லாமல் பேய்மிரட்டியின் பெருமையை மட்டும் எழுத என் மனம் இடம் கொடுக்கவில்லை.

நல்ல மந்திரிப்பாளர்கள் இதை அறிந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயிடம், நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "துன்னூறு போடுதேன் தாயி, ஆனா பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்கி. மொதல்ல பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போ, பொறவு இங்க வா" என்று அனுப்பி வைத்த பெரியவரை எனக்குத் தெரியும். அவர் காசும் வாங்கவில்லை. அவருடைய ஒரு சொல்லுக்காக மருத்துவமனைக்குப் போகிறவர்கள், நூறு விளம்பரம் வைத்தாலும் போக மாட்டார்கள். இப்படிப்பட்டவர்களைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் தேடிப் போய் உறவாக்கிக்கொண்டால் எத்தனையோ நல்லது நடக்கும்.

கசப்பான மூலிகை எல்லாம் நன்மைதான் செய்யும் என்ற எண்ணமும் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதற்கும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளை நாக்கில் வைக்க முடியாத கைப்பு. வயிற்றுப் பூச்சிக்கும், கரப்பான் என்னும் தோல்நோய்க்கும், பாம்புக்கடிக்கும் என்று அதன் இலையை அரைத்துக் கொடுத்தார்கள்; மந்திரிப்பவர்களும் வேரைக் காப்பாகக் கட்டினார்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக அளவில் உறுதிப்பட்ட செய்தி. பாம்புக்கடிக்கு எதிர்விஷ ஊசி ஒன்றுதான் மருந்து. ஆடுதீண்டாப்பாளையையும் பேய்மிரட்டியையும் நிலவேம்பையும் கைப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றாகப் போட்டுக் கஷாயம் காய்ச்சுகிறவர்களை எப்படியாவது தடுக்க வேண்டும்.

சாலைகளை அகலப்படுத்தியதிலும், கால்வாய்க் கரைகளுக்கு சிமெண்டு பூசியதிலும், வரப்புகளில் களைக்கொல்லி அடிப்பதிலும், சீமைக்கருவேலம் பரவியதிலும், பேய்மிரட்டி பல ஊர்களில் குறைந்துகொண்டு வருகிறது. வீட்டில் வைத்துக்கொள்வது ஒன்றும் கடினமில்லை. பூக்கொத்து காய்ந்து பழுப்பேறியதும் அதைக் காகிதத்தின் மேல் தட்டினால் கறுத்த சிறு விதைகள் உதிரும். ஐப்பசி மழைக்கு முன்னால் மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவி, மூடாமல் விரலால் அமுக்கிவிட்டால் போதும். வெயில் முழுக்கப் படும் இடமாக இருக்க வேண்டும். நீர் தேங்கினால் அழுகிவிடும். அறுக்கும்போது நடுத்தண்டை விட்டுவிட்டு, பக்கக் கிளைகளை மட்டும் கணுவுக்கு மேலே வெட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினால் நிறமும் நெடியும் குறையாது. கடையில் வாங்குவதானால், பொடித்ததை வாங்காமல் தண்டோடு கூடிய கட்டாக வாங்கி, தண்டு நான்கு பட்டையாக இருக்கிறதா, இலையின் அடிப்புறத்தில் அந்தப் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.